கிஃப்ட் பாக்ஸில் ஒரு பெயர்

பெர்சிஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் இருக்கிற பொருளை ரொம்ப மெதுவாகக் கீழே வைப்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அப்படி வைத்தது ஓர் அட்டைப் பெட்டி. அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது, மை வாசம்கூடப் போகவில்லை. கறுப்புப் பெட்டியின் மேல் தங்க நிறத்தில் மணிகண்டராஜின் கையெழுத்து. அதற்குக் கீழே, 'எட்டு மாதம் காதால் கேட்டுச் செதுக்கியவர்' என்று ஒரு வரி.

எட்டு மாதம் என்பது உண்மை. காதுதான் அவனுடையது இல்லை.

மணிகண்டராஜ் பட்டாசுக் கம்பெனி சீனிவாசகத்தின் ஒரே மகன். அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் இரண்டு யூனிட் ஓடுகிறது. மகனுக்கு வெடியில் நாட்டமில்லை, பாட்டுக் கேட்கிற சாமான்களில்தான் பைத்தியம். சிவகாசியில் கம்பெனி ஆபீஸுக்கு மேல்மாடியில் அதற்கென்றே ஒரு கடை போட்டுவிட்டான். காதுக்குள் செருகிக்கொள்ளும் ஐ.இ.எம். என்கிற உயர்ரக இயர்போன்கள், சட்டைப் பையில் அடங்கும் பிளேயர்கள், சத்தத்துக்கு வலுவேற்றும் ஆம்ப்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு இயர்போன் வாங்க இந்த வெயிலில் எவன் வருவான் என்று சிரித்தவர்கள் உண்டு. வந்தார்கள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தார்கள். அவனுடைய யூடியூப் சேனலைப் பார்த்து வந்தார்கள்.

சேனலில் பேசுகிற வாய் அவனுடையது, பேச்சு பெர்சிஸுடையது. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் பாட்டு டீச்சராக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது மூன்றாவது வரிசையில் யார் சுருதி விலகுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்காகத்தான் அவன் அவளை வேலைக்கு வைத்தான். எந்த இயர்போனுக்கு எந்த பிளேயர் பொருந்தும், எந்த ஆம்ப் அதைக் கெடுக்கும் என்று அவள் கேட்டு எழுதித் தருவாள். அவன் அதை மனப்பாடம் செய்து கேமரா முன்னால், "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பிப்பான்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். சம்பளத்துக்குச் செய்கிற வேலைதானே என்று இருந்தாள். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருந்த இயர்போன் வேறு விஷயம். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியோடு சேர்ந்து கடையின் பெயரில் சொந்தமாகச் செய்தது. நாலு மாதிரி வந்தது, நாலையும் அவள்தான் கேட்டாள். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்க வேண்டும், ஆனால் 'ச' என்கிற எழுத்து வரும்போது காதில் ஊசி குத்தக் கூடாது. இந்த ஒன்றுக்காக மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நாலாவது மாதிரி வந்த அன்று, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, இதுல எம் பேரு எங்கனயாச்சும் ஒரு ஓரத்துல வந்திருக்கலாமே."

மணிகண்டராஜ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"என்ன டீச்சரம்மா, ஊருக்குப் புதுசா நீங்க? சரக்கு போடுறது ஒருத்தரு, லேபிள் ஒட்டுறது ஒருத்தரு. எங்க அப்பா யூனிட்ல போடுற சரவெடிக்கு எத்தன கம்பெனி லேபிள் ஒட்டுதுன்னு தெரியுமா? மருந்து இடிச்சவ பேரயா போடுறோம்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிடலாம். இவன் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்கிற மாதிரி அல்லவா சொல்கிறான்!

மறுவாரம் இன்னொரு பெட்டி வந்தது. முதல் பெட்டியைவிட மூன்று மடங்கு பெரிசு. உள்ளே ஒரு பள்ளத்தில் இயர்போன், பக்கத்துப் பள்ளத்தில் ஓர் ஆம்ப். மேலே 'தீபாவளி கிஃப்ட் பாக்ஸ்' என்று அச்சாகியிருந்தது.

அந்த ஆம்பைப் பார்த்ததுமே பெர்சிஸ் அடையாளம் கண்டுகொண்டாள். போன வருஷம் மணிகண்டராஜ் தன் மச்சான் பேச்சைக் கேட்டு மொத்தமாக நானூறு எடுத்து, ஒன்றுகூட விற்காமல் குடோனில் கிடந்த சரக்கு. தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்போன்களுக்காகச் செய்தது. அவற்றுக்கு நல்ல வலு வேண்டும், அதனால் தள்ளுகிற தள்ளு பலமாக இருக்கும். இந்த இயர்போனோ தொட்டாலே பேசிவிடும். இரண்டையும் சேர்ப்பது, கைக்குழந்தைக்குப் பால் புகட்டத் தீயணைப்பு வண்டிக் குழாயைக் கொண்டுவருகிற மாதிரி.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இதக் காதுல வைங்க."

வைத்தான். அவள் ஆம்பை மட்டும் போட்டாள்.

"பாட்டே இன்னும் போடல. சீன்னு ஒரு இரைச்சல் கேக்குதா?"

"ஏசி சத்தமா இருக்கும்."

அவள் எழுந்து ஏசியை நிறுத்தினாள். இரைச்சல் அப்படியே இருந்தது. பாட்டைப் போட்டு, சத்தம் கூட்டுகிற திருகை மயிரிழை திருப்பினாள். இடது காதில் மட்டும் பாட்டு வந்தது. வலது காதிலும் வரவேண்டுமென்றால் இன்னும் திருக வேண்டும், திருகினால் காது கிழிந்துவிடும். அப்படியும் பொறுத்துக் கேட்டால், அவள் எட்டு மாதம் பாடுபட்டு மழுக்கிய அந்த 'ச' திரும்பவும் ஊசியாகிக் குத்தியது. அந்த ஆம்போடு சேர்ந்தால் இயர்போனின் குணமே மாறிவிடுகிறது.

கேட்டது. அவனுக்கு எல்லாமே நன்றாகக் கேட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இங்க பாருங்க டீச்சரம்மா. பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்ல என்ன வைக்கிறோம்? நாலு ஓடுற ஐட்டம், மிச்சம் பூரா ஓடாத சரக்கு. பாம்பு மாத்திரையத் தனியா வச்சா எவன் வாங்குவான்? பாக்ஸுல போட்டா அதுவும் சேந்து போயிரும். சீசன்ல இதுதான் யாவாரம்."

"பாம்பு மாத்திரை பக்கத்துல இருக்க ராக்கெட்டக் கெடுக்காது அண்ணாச்சி. இது கெடுக்குது."

"வாங்குறவன்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரிஞ்சதாலதான நம்மகிட்ட வர்றாக?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெர்சிஸ் இயர்போனை மெதுவாக, ரொம்ப மெதுவாக மேஜை மேல் வைத்தாள். அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. விட்டுவிட்டுப் போனால் அந்த இயர்போன் தன்னுடையது என்று சொல்ல ஒரு சாட்சிகூட மிஞ்சாது என்கிற பயம் அவளைப் பிடித்து நிறுத்தியது.

நூற்றைம்பது பெட்டி பத்தே நாளில் போனது. பதினோராம் நாள் திட்டு ஆரம்பித்தது. சேனலில் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே, 'இரைச்சல்', 'ஒரு காதில் வரவில்லை', 'ஏமாற்று வேலை' என்று வரிசை கட்டியது. மணிகண்டராஜ் இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தான். கையில் ஒரு கட்டு ஸ்டிக்கர், ஒரு புதுப் போன்.

"டீச்சரம்மா, நீங்க கேட்டீகள்ல? யோசிச்சுப் பாத்தேன், ஞாயந்தான். இந்தாங்க."

தங்க நிற ஸ்டிக்கர். 'ட்யூனிங், மேட்சிங்: பெர்சிஸ் சவரியப்பன்.' அப்பா பெயரோடு சேர்த்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. மிச்சமிருந்த இருநூற்றைம்பது பெட்டியிலும் ஒட்டச் சொல்லிவிட்டானாம். போதாததற்குக் கேமராவைப் போட்டு, "இந்த செட்ட ஜோடி சேத்ததே நம்ம பெர்சிஸ் மேடம்தான்" என்று அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு வீடியோவும் எடுத்து, புதுப் போன் நம்பரோடு அப்போதே சேனலில் ஏற்றினான். புதுப் போன் அவளுக்குத்தான். ரசிகர்கள் அவளிடம் நேரடியாகப் பேசலாமாம்.

பெர்சிஸ் சந்தோஷப்பட்டாள். மறைப்பானேன், ரொம்பவே சந்தோஷப்பட்டாள். ஆம்ப் பொருந்தவில்லை என்பதுகூட அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு மறந்துபோனது. பெயர் என்பது அப்படிப்பட்ட போதை. விருதுநகர் பஸ் நிலையத்தில் இறங்கி, பொரிச்ச புரோட்டா இரண்டு செட் பார்சல் வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டியையும் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா பாக்கியவதி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தாள். சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டப்ப போடாதவன், இப்ப எதுக்குப் போடுறான்?"

"ஞாயம்னு தோணியிருக்கும்மா."

"சாமான் நல்லாப் போகுதா?"

பெர்சிஸ் புரோட்டா பொட்டலத்தை அம்மா பக்கம் நகர்த்தினாள். பாக்கியவதி பெட்டியைத் திருப்பினாள். ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை வாய்விட்டே படித்தாள்.

"குறைகளுக்கு இவரைத் தொடர்பு கொள்ளவும்."

கீழே அந்தப் புதுப் போனின் நம்பர்.

"ஒங்கப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில இருபத்திரெண்டு வருஷம் போர்மேனா இருந்தாக," என்றாள் பாக்கியவதி. புரோட்டா பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. "அந்தக் கம்பெனி காலண்டர்லயோ, ஆயுத பூஜை நோட்டீஸ்லயோ, ஒரு பேப்பர்ல ஒங்கப்பா பேரு வந்ததில்ல. ஒரு ரூமுக்கு நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல பத்துப் பேர ஒக்கார வைக்காதீகன்னு முதலாளிகிட்ட மூணு தடவ சொன்னாக. லோடு அவசரம்னாக. ரூமு வெடிச்சதும் மொத மொதலா பேரு வந்துச்சு. எப்.ஐ.ஆர்.ல. மொதக் குற்றவாளி, போர்மேன் சவரியப்பன். முதலாளி பேரு மூணாவதா இருந்துச்சு. அவரு அன்னைக்குக் கொடைக்கானல்ல இருந்தாரு."

அந்தக் கேஸ் முடியும் முன்னே சவரியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாக்கியவதி இவ்வளவு நீளமாகப் பேசி பெர்சிஸ் கேட்டதே இல்லை.

புதுப் போன் அடித்தது. எடுத்தாள்.

"பெர்சிஸ்ங்கிறது நீதானாம்மா?" ஒரு வயசாளியின் குரல், கோபத்தில் நடுங்கியது. "எம் பேரு தனுஷ்கோடி. ஆலங்குளம் சிமெண்டு ஆலையில எலெக்ட்ரீசியனா இருந்து ரிட்டயர் ஆனவன். பாட்டுதாம்மா எனக்கு எல்லாம். பொண்டாட்டி கூட சண்ட போட்டு இத வாங்குனேன். இடது காதுல பாடுது, வலது காது செத்துக் கெடக்கு. வீடியோவுல பேரு போட்டு, நம்பரு போட்டு ஏமாத்துறீகளே, வெக்கமா இல்ல?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. இதுவரை மணிகண்டராஜைப் பார்த்துத்தான் கோபம் வந்திருந்தது. இப்போது தன்னைப் பார்த்தே வந்தது. ஒரு மணி நேரம் சந்தோஷப்பட்டாயே, நீ ஒரு மனுஷியா?

"ஐயா, நான் சொல்றதச் செய்வீகளா? அந்த ஆம்பக் கழட்டி ஓரமா வைங்க. பக்கத்துல லேப்டாப் இருக்கா? ஆமா, பேரனோடதுன்னாலும் சரிதான். அதுல ஹெட்போன் ஓட்டை இருக்கும், நேரா அதுல செருகுங்க. சத்தத்தக் கொறச்சு வச்சே ஆரம்பிங்க. ஒங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க."

கொஞ்ச நேரம் உருட்டுகிற சத்தம். அப்புறம் குரல் வந்தது. நடுக்கம் போயிருந்தது.

"ரெண்டு காதுலயும் வருதும்மா. வயலின்காரன் வில்ல எடுக்கிறதுகூடக் கேக்குது." பிறகு, "அப்ப இந்தப் பொட்டிய எதுக்கும்மா குடுத்தீக?"

பெர்சிஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது குடோன்ல விக்காமக் கெடந்ததுங்கய்யா. ஒங்க தலையில கட்டிட்டோம். இயர்போன் நான் பண்ணது, அத வச்சுக்கோங்க. ஆம்ப் நான் சேத்தது இல்ல. கடை அட்ரஸுக்குத் திருப்பி அனுப்பிட்டு, அதுக்குண்டான பணத்தக் கேளுங்க. பெர்சிஸ்தான் சொன்னான்னே சொல்லுங்க."

மறுநாளிலிருந்து அவள் அதே வார்த்தைகளை ஒவ்வொரு அழைப்புக்கும் சொன்னாள். கடையில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, மணிகண்டராஜ் கொடுத்த போனிலேயே சொன்னாள். திட்டெல்லாம் இனி அவள் பாடு என்று அவன் மாடிப்பக்கம் வராமலே இருந்தான். கூப்பிடாதவர்களின் பட்டியலும் கடையில் இருந்தது. அவர்களை அவளே கூப்பிட்டாள். யாரிடம் என்ன பிளேயர் இருக்கிறது, என்ன போன் இருக்கிறது என்று கேட்டு, அவரவருக்குப் பொருத்தமானதைச் சொல்லி, காதில் வைக்கச் சொல்லிக் காத்திருந்தாள். சிலர் திட்டிவிட்டு வைத்தார்கள். பலர், "மேடம், இது வேற பொருளா இருக்கே" என்றார்கள். நூற்றைம்பது பேருக்கும் பேசி முடிக்க ஒன்பது நாள் ஆனது. தொண்டை கட்டிக்கொண்டது, கோபம் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. அப்பா மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் முதலாளியிடம்தான் சொன்னார். சொல்ல வேண்டிய இடம் அது இல்லை, ரூமில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டதே என்கிற கோபம் அது.

பார்சல்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஐந்து, பத்து. பிறகு கூரியர்க்காரர் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் ஆள் ஏற இடமில்லாமல் ஆம்ப் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. கீழே ஆபீஸில் உட்கார்ந்திருந்த சீனிவாசகம், "என்னலே இது, வித்த சரக்கு வீட்டுக்கு வருது?" என்று மகனைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் மணிகண்டராஜுக்கு விஷயமே தெரிந்தது.

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ?" 'டீச்சரம்மா' என்கிற மரியாதை எங்கோ போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஒன்னய நம்பிப் போனக் குடுத்தா, நம்ம சரக்க நீயே நொட்டை சொல்லுவியா?"

"நம்பிக் குடுக்கல அண்ணாச்சி. திட்டு வாங்கக் குடுத்தீக."

"ஒனக்குப் பேரு வேணும்னு நீதான கேட்ட? போட்டேன்ல?"

"நல்லா இருந்தப்ப ஒங்க பேரு. நாறுனதும் எம் பேரு. இதுக்குத்தான் எங்க அம்மா புரோட்டாவக்கூடத் தொடல."

புரோட்டா எதற்கு வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் இல்லை.

"நாளைக்கே அச்சகத்துக்குச் சொல்லி எல்லா ஸ்டிக்கரையும் கிளிச்சுப் போடுறேன். ஒம் பேரு இந்தக் கடையில ஒரு எடத்துல இருக்காது. அந்தப் போனக் குடு. அது கம்பெனி போனு."

பெர்சிஸ் போனை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாலு மாதிரிகளையும் கேட்டு எழுதிய தன் நோட்டையும் எடுத்துப் பையில் வைத்தாள். அவன் அதைத் தடுக்கப் பார்த்தான். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது.

ஆத்திரத்தில் அவன் விரல் எங்கே பட்டதோ, ஸ்பீக்கர் பேசியது.

"ஹலோ, பெர்சிஸ் மேடமா? காரியாபட்டிலருந்து பேசுறேன்."

மணிகண்டராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். சேனலில் பேசுகிற குரலை வரவழைத்தான்.

"வணக்கம் சார். நான் மணிகண்டராஜ், ஓனர் பேசுறேன். சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

"ஓனரா? ஒங்ககிட்ட ஒண்ணும் இல்ல சார். போன அந்த மேடத்துக்கிட்ட குடுங்க. புதுசா ஒரு பிளேயர் பாத்து வச்சிருக்கேன், அவுக இயர்போனுக்குச் சேருமான்னு அவுககிட்டத்தான் கேக்கணும்."

அவன் நிமிர்ந்து பெர்சிஸைப் பார்த்தான். போன் பிடித்திருந்த கை தானாக அவள் பக்கம் நீண்டது.

"எம் பேரத்தான் கிளிக்கப் போறீகளே அண்ணாச்சி," என்றாள் அவள். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

ஆம்ப் அடுக்குகளை ஒதுக்கி ஒதுக்கி அவள் படியிறங்கினாள். பின்னால், "மேடம் இருக்காகளா, இல்லையா?" என்று காரியாபட்டிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.